மூழ்கிய பூனையும் உறங்கும் சுண்டெலியும்

1704-இல் பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் ழான் மேரி ஒரு பூனையை நீருக்குள் அமிழ்த்திப் பிடித்தார். அதன் கண்மணி அகல விரிந்தது; விழித்திரையின் இரத்த நாளங்கள் தெளிவாகத் தெரிந்தன. உயிருள்ள விலங்கின் விழித்திரையைக் கண்டதற்கான மிகப் பழைய பதிவுகளுள் இது ஒன்று. கார்னியாவின் ஒளிவிலகல் ஆற்றலை நீர் ஏறக்குறைய நீக்கிவிடுவதே அக்காட்சிக்குக் காரணம் என்பதை 1709-இல் லா ஹீர் விளக்கினார்.

1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆப்தால்மோஸ்கோப்பை அறிவித்ததும் நீர் தேவையற்றதாயிற்று. ஆயினும் காண்பது வேறு, கண்டதைப் பதிவது வேறு. தவளையின் விழித்திரையிலுள்ள செந்நிறப் பொருள் ஒளிபட்டால் வெளுப்பதை 1876-இல் ஃபிரான்ஸ் போல் கண்டறிந்தார். அதைத் தொடர்ந்து ஹைடல்பெர்க்கில் வில்ஹெல்ம் கூனே, முயலொன்றைச் சாளரத்தின் எதிரே நிறுத்தி, பின்னர் அதைக் கொன்று, விழித்திரையைப் படிகாரக் கரைசலில் இட்டார். சாளரத்தின் உருவம் அதில் பதிந்திருந்தது. விழித்திரையே ஒளிப்படத் தகடாயிற்று; ஒரு படத்தின் விலை ஓர் உயிர்.

நோயாய்விலும் அவ்விலை நெடுங்காலம் மாறவில்லை. 1924-இல் ஹார்வர்டைச் சேர்ந்த கிளைட் கீலர், கோல் செல்கள் இல்லாத விழித்திரை சுண்டெலிகளில் மரபுவழி வருவதை வெளியிட்டார். அதற்குச் சான்று நுண்ணோக்கிக்கு அடியில் வைத்த திசுச்சீவல்களே. அவை வீண்போகவில்லை: 1993-இல் அப்பழஞ்சீவல்களின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தபோது, அக்குறைபாடும் இன்று ஆர்.டி. எனப்படும் மரபணுக் குறைபாடும் ஒன்றே என உறுதியாயிற்று. கீலரும் அவ்வாய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர்.

ஆனால் திசுச்சீவல் ஒரு கணத்தை மட்டுமே காட்டும். விழித்திரைச் சிதைவோ நாள்தோறும் நகரும் நிகழ்வு. வெவ்வேறு வயதில் கொல்லப்பட்ட பல எலிகளைக் கோத்தே ஒரு நோயின் கதை எழுதப்பட்டது. எலிக்கு எலி உள்ள வேறுபாடு நோயின் மாற்றமாகத் தோற்றமளிக்கவும் கூடும். 1991-இல் அறிவிக்கப்பட்ட ஒளியியல் ஓரியல்பு வரைவி, அதாவது ஓ.சி.டி., பின்னர் இந்நிலையை மாற்றியது. வெட்டாமலே விழித்திரையின் அடுக்குகளை அளக்க முடிந்ததால், அதே எலியை வாரந்தோறும் தொடரலாம்; அதுவே தனக்கு ஒப்பீடாகிறது. விலங்குகளின் எண்ணிக்கையையும் துன்பத்தையும் குறைக்க வேண்டும் என 1959-இல் ரசலும் பர்ச்சும் வகுத்த நெறி இங்கே நல்ல அறிவியலுடன் இணைகிறது.

எல்லைகளும் உள. சுண்டெலியின் கண் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமே. மயக்கத்தில் அது இமைக்காது. கார்னியா உலர்ந்தால் படம் மங்கும். அதற்கு மாக்குலா இல்லை. ஆகவே மனிதரின் மாக்குலா நோய்களை அது முழுமையாகப் பிரதிபலிக்காது. செல் அளவிலான மாற்றத்தை உறுதிசெய்ய இறுதியில் பெரும்பாலும் திசுச்சீவலையே நாட வேண்டியுள்ளது. விலை குறைந்திருக்கிறது, இல்லாமற் போய்விடவில்லை. ஆய்வேட்டில் ஒரு படத்தைச் சேர்ப்போர் அதன் கீழே எத்தனை விலங்குகள் என்று எழுதும் எண், அவ்விலையின் கணக்கே.