கதை முடிவதற்கு முன்பே ஒரு முகம்

ஹாரி பாட்டர் படங்களுக்கு ஆள் தேடியபோது கதையில் பாதிதான் வந்திருந்தது. ஏழு நாவல்களில் நான்காவது வெளியானது 2000 ஜூலையில். அடுத்த மாதமே டேனியல் ராட்கிளிஃப், ரூபர்ட் கிரின்ட், எம்மா வாட்சன் என்று மூன்று பெயர்களை அறிவித்துவிட்டார்கள். மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த நிலைமை பழக்கம்தான். ரெக்வயர்மென்ட் முழுசா வந்திருக்காது, ரிலீஸ் தேதி மட்டும் வந்துவிடும்.

பதினோரு வயதுப் பையன் பதினேழில் எப்படி இருப்பான், அப்போதும் நடிக்க ஆசைப்படுவானா? யாருக்குத் தெரியும். பிபிசியின் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' தொடரில் ராட்கிளிஃபைப் பார்த்த இயக்குநர் கிறிஸ் கொலம்பஸுக்கு அவன்தான் வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் ஆறு படம் என்றபோது பெற்றோர் வேண்டாம் என்றார்கள். இங்கிலாந்திலேயே இரண்டு படம் என்றதும் சம்மதித்தார்கள். அந்த இரண்டு எட்டாகி, 2011 ஜூலையில் கடைசிப் படம் வந்தபோது அவருக்கு 22 வயது ஆகச் சில நாட்களே பாக்கி.

பெரியவர்களைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு விதி இருந்தது: பிரிட்டன், அயர்லாந்து நடிகர்கள் மட்டுமே. ராபின் வில்லியம்ஸ் தானே கேட்டும் வாய்ப்பு இல்லை. டம்பிள்டோராக நடித்த ரிச்சர்ட் ஹாரிஸ் 2002இல் இறந்ததும் மைக்கேல் கேம்பன் வந்தார். சாவு மாற்றிய முகத்தோடு யாரும் சண்டை போட முடியாது.

முடிவு தெரியாத பாத்திரத்தை எப்படி நடிப்பது? ஸ்னேப்பாக நடித்த ஆலன் ரிக்மனுக்கு ரௌலிங் ஒரே ஒரு சின்ன ரகசியத்தை முன்கூட்டியே சொல்லியிருந்தார். கடைசி நாவல் 2007இல்தான் வந்தது. அதுவரை அவர் அதை வெளியே விடவில்லை. கிரீச்சர் என்கிற வீட்டு வேலைக்கார எல்ஃபுக்கும் அந்த அதிர்ஷ்டம் இருந்தது. ஐந்தாம் படத்தின் திரைக்கதையிலிருந்து அதை வெட்டப் பார்த்தார்கள். வெட்டினால் ஏழாம் படத்தில் மாட்டிக்கொள்வீர்கள் என்று ரௌலிங் எச்சரித்ததால் பிழைத்தது.

லாவெண்டர் பிரவுனுக்காக இப்படி யாரும் பேசவில்லை. நாவலில் அவள் ஹாரியின் வகுப்புத்தோழி. தோல் நிறம் என்ன என்று அப்போது புத்தகம் சொல்லியிருக்கவில்லை. ஆரம்பப் படங்களில் அந்தப் பெயரில் வகுப்பறையில் உட்கார்ந்திருந்தவர்கள் கறுப்பினச் சிறுமிகள். 2005இல் ஆறாம் நாவல் வந்தது. அதில் லாவெண்டர் ரானின் காதலி. 2009இல் படம் வந்தபோது அந்தப் பாத்திரத்தில் ஜெஸ்ஸி கேவ் என்ற வெள்ளையின நடிகை இருந்தார்.

கேவ் நன்றாகவே நடித்தார், சிரிக்க வைத்தார். கேள்வி அவரைப் பற்றியதல்ல. வசனம் இல்லாத வேடத்துக்குத் திறமை பார்த்து ஆள் எடுக்கவில்லை, வசனம் வந்ததும் புதிதாகத் தேடினோம் என்று தயாரிப்புத் தரப்பு சொல்லலாம். அது நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் அதே தொடரில் வளர்ந்த குழந்தைகளில் பலர் முதல் நாளில் நடிகர்களே இல்லை. வாட்சனுக்குப் பள்ளி நாடக அனுபவம்தான். கிரின்ட் அனுப்பியது தானே ராப் பாடிய ஒரு வீடியோ. அவர்களுக்கு வேலையிலேயே கற்றுக்கொள்ள நேரம் கிடைத்தது. பின்வரிசையில் இருந்தவர்களுக்குக் கதை வந்து சேர்ந்தபோது அந்த இடம் அவர்களுடையதாக இல்லை.

கிரீச்சரைக் காப்பாற்றியது திறமையல்ல, கதையில் அதற்கு இனிமேல் வேலை இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் அந்த நேரத்தில் வாய் திறந்தது. அந்தச் சிறுமிகளைப் பார்க்க வேண்டுமென்றால், பழைய வகுப்பறைக் காட்சிகளை நிறுத்தி நிறுத்தித்தான் தேட வேண்டும்.