குவாய் நதிப் பாலமும் மறைந்த தொழிலாளரும்

டேவிட் லீன் இயக்கி 1957ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தின் பாலம், இலங்கையிலே, களனி கங்கை பாயும் கித்துல்கலையில் கட்டப்பெற்றது. படத்தின் முடிவில், மறைந்து வந்த வீரர் வைத்த வெடியினால் அம்மரப்பாலம் புகையிரதத்தோடு ஆற்றில் வீழ்கிறது. கண்டோர் அக்காட்சியை எளிதில் மறவார்.

வரலாறோ வேறு. சயாமையும் பர்மாவையும் இணைக்க யப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் அமைத்த புகையிரதப் பாதையின் நீளம் ஏறத்தாழ 415 கிலோமீற்றர். காஞ்சனபுரியிலுள்ள அதன் இரும்புப் பாலத்தை 1945இல் தகர்த்தவை நேசநாட்டு விமானங்களே. அங்கே ஓடிய ஆறும் மேக்லோங் ஆறே. படத்தைக் கண்டு குவாயைத் தேடி வந்தோர் பொருட்டு, 1960ஆம் ஆண்டளவில் ஆற்றின் பெயரே மாற்றப்பட்டது!

இவை கதைக்காகப் பொறுக்கத்தக்கவை. பொறுக்கலாகாதது ஒன்றுண்டு. படம் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் கதை. அப்பாதையில் உழைத்த கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர். 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ இரண்டு இலட்சம் வரையினர். பர்மியர், மலாயர், சாவகர் ஆகியோருடன், மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவரும் அவருள் இருந்தனர். வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் இறந்தோர் 90,000 பேர் வரை என மதிப்பிடுவர். படத்திலே இவர்களுக்கு இடமில்லை.

கைதிகளிடையே மருத்துவர் இருந்தனர். இறந்தோர் பெயரை மறைவாகக் குறித்து வைத்த அதிகாரிகளும் இருந்தனர். ஆதலாற் காஞ்சனபுரி மயானத்துக் கற்களிற் பெயர்கள் உள. தோட்டத் தொழிலாளருக்கு அத்தகைய பதிவு இல்லை. சென்றவர் எந்த முகாமில் இறந்தார், எங்கே புதைக்கப்பட்டார் என்பதை மலாயாவிற் காத்திருந்த குடும்பங்கள் பல இறுதிவரை அறியவில்லை.