மாசுற்ற நிலத் துப்புரவும் தொழிற்பயிற்சியும்: கண்டி

குப்பை, கழிவுநீர், இரசாயனம் ஆகியவற்றால் கெட்டுப்போன நிலத்தை மீண்டும் மனிதர் புழங்கத்தக்கதாக மாற்றும் வேலைக்கு, அந்நிலத்தின் அருகே வாழும் வறிய மக்களைப் பழக்கி அமர்த்தும் முறை உலகில் அண்மையில்தான் உருவானது. கண்டியில் அந்த வேலை மட்டும் மிகப் பழையது. அதன் வரலாற்றை மஹியாவவின் லயன்கள் எனப்படும் தொடர்வீடுகளிலிருந்து எழுதுவதே முறை.

கண்டி மாநகர சபை 1865இல் நிறுவப்பட்டது. நகரைச் சுத்தமாக வைத்திருக்கத் தென்னிந்தியாவின் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களைப் பிரித்தானியர் கொண்டுவந்தனர். கட்டுகஸ்தோட்டை செல்லும் வழியில் உள்ள மஹியாவவில் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். வீதி கூட்டுவதும் கான் வெட்டுவதும் வாளிக் கக்கூஸ் காலத்தில் மலம் சுமப்பதும் இவர்கள் தலையில் விழுந்தன. லயன் அறையும் சபை வேலையும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருந்ததால் தந்தையின் துடைப்பம் மகன் கைக்கு வந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரை நாடற்றவர்களாக்கியபோது வேறு வேலை தேடும் வழியும் குறுகியது. எந்தக் கான் எங்கே அடைக்கும், எந்தக் குப்பையில் கண்ணாடி இருக்கும், மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் எப்படித் தொற்றும் என்பதையெல்லாம் அவர்கள் உடம்பால் கற்றார்கள். பயிற்சி என்றால் அதுதான். அதைத் தொழிலறிவு என்று யாரும் மதிக்கவில்லை. மஹியாவ என்று முகவரி சொன்னாலே முகம் சுளித்தவர்கள்தான் மிகுதி.

அவர்கள் அள்ளிய குப்பை கொஹாகொடவுக்குப் போயிற்று. நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தொலைவில், மகாவலி கங்கைக் கரையோரம் உள்ள இந்தக் குப்பைமேடு 1960களிலிருந்து பயன்பட்டு வந்தது. அடியில் மண்ணைக் காக்கும் விரிப்பு எதுவும் இல்லை. மழைநீர் குப்பைக்குள் இறங்கி, உக்கிய பொருளையும் ஈயம் போன்ற உலோகங்களையும் கரைத்துக்கொண்டு கருநிறக் கசிநீராக ஆற்றை நோக்கி வழியும். ஆறு அங்கிருந்து கட்டுகஸ்தோட்டையைக் கடந்து பொல்கொல்ல அணைக்கட்டைச் சேர்கிறது. 1976இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையிலிருந்துதான் மகாவலி நீர் வடக்கே உலர்வலய வயல்களுக்குத் திருப்பப்படுகிறது. கொஹாகொடவின் அழுக்கு கண்டியோடு நிற்பதல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த மேட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். 2011 முதல் 2016 வரை ஜப்பானின் சைட்டாமா பல்கலைக்கழகத்துடன் இணைந்து நடந்த திட்டம், இலங்கையின் குப்பைமேடுகளை எளிய, மலிவான முறைகளில் சீர்செய்வது எப்படி என்று பார்த்தது. மேட்டை மண்ணிட்டு மூடுவது, சரிவைத் தணிப்பது, மழைநீரைச் சுற்றிவர விலக்குவது, கசிநீரை வடித்துச் சுத்திகரிப்பது, உள்ளே உண்டாகும் மீதேன் வாயுவுக்குப் போக்கு விடுவது ஆகிய எல்லாமே பயிற்சி பெற்ற கைகளைக் கேட்பவை. சரிவை அறியாமல் மேட்டில் ஏறுவது உயிருக்கே ஆபத்து. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, கொழும்பின் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 32 பேரைப் பலிகொண்டது. இறந்தவர்கள் அதன் அடிவாரத்தில் வாழ்ந்த எளிய மக்கள்.

மாசுற்ற நிலத்தைச் சீர்செய்வதைத் தொழிலாக்கி ஊதியமும் மதிப்பும் தந்த முன்மாதிரி அமெரிக்காவில் உண்டு. அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கைவிடப்பட்ட ஆலை நிலங்கள் சூழ்ந்த ஏழைக் குடியிருப்புகளின் வேலையற்றோரைப் பயிற்றுவிக்க 1998இலிருந்து நிதி வழங்கிவருகிறது. நஞ்சுக்கழிவு கையாள்வதற்கான 40 மணிநேரப் பாதுகாப்புப் பாடம் அதில் அடிப்படை. அந்த நிதியால் இதுவரை 20,000க்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்றுள்ளனர்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். இலங்கையின் வடக்கே முகமாலையிலும் கிளிநொச்சியிலும் மிதிவெடி அகற்றும் பணி 2002 போர்நிறுத்தத்தை அடுத்து விரிந்தது. போர் முடிந்தபின் 2010இல் அதற்கென ஒரு தேசிய நிலையமும் உருவானது. வேலைக்குச் சேர்ந்தவர்களில் பலர் அதே ஊர்களின் இடம்பெயர்ந்த மக்கள். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களும் அவர்களில் உண்டு. பயிற்சி முடிக்காமல் எவரும் களத்தில் கால்வைப்பதில்லை. முகக்கவசம், காப்புறுதி, களத்திலேயே மருத்துவ உதவி எல்லாம் விதியாக உள்ளன. அந்த வேலையைச் செய்பவரை ஊர் மதிப்போடு பார்க்கிறது. நாடு 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்து, 2028க்குள் நிலத்தைத் துப்புரவாக்க உறுதியளித்தது.

வெடி புதைந்த மண்ணுக்கு இருக்கும் ஒழுங்கு, கசிநீர் ஊறிய மண்ணுக்கும் வேண்டும். இலங்கையின் தேசிய தொழிற்தகைமை முறை 7 மட்டங்களைக் கொண்டது. வேலை அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழியும் அதில் இருக்கிறது. மாநகர சபையும் பல்கலைக்கழகமும் தொழிற்பயிற்சி நிறுவனங்களும் ஒன்றுசேர்ந்து கொஹாகொடவையே பயிற்சிக் களமாக்கலாம். அதில் முதல் இடம் மஹியாவ இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் தரப்பட வேண்டும். விரும்பினால் சேரவும், விரும்பாவிட்டால் வேறு தொழிலுக்குப் போகவும் அவர்களுக்கு உரிமை இருக்க வேண்டும். அவர்களுடைய பாட்டன்மாருக்கு அது கிடைக்கவில்லை.