எட்டுப் பட்டைக் குழல்

ரொறன்ரோவில் யோர்க் கோட்டைக்கு யாரைக் கூட்டிப்போனாலும் நான் முதலில் பேசுவது துப்பாக்கிக் குழலைப் பற்றித்தான். 1813 ஏப்ரல் 27 காலை, பிரித்தானியரின் இந்தக் கோட்டையைத் தாக்க அமெரிக்கர் வந்தபோது, கோட்டைக்கு மேற்கே முதலில் கரையேறியவர்கள் அமெரிக்க மேஜர் போர்சைத்தின் சுரிகுழல் (உள்ளே புரியிட்ட குழல்) துப்பாக்கி வீரர்கள். அவர்களது படைப்பிரிவின் ஆயுதம் ஹார்ப்பர்ஸ் ஃபெரி 1803 என்ற சுரிகுழல் துப்பாக்கி. வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்க வேண்டும். 33 அங்குலக் குழல். அடிப்பக்கம் எட்டுப் பட்டை, முனைப்பக்கம் உருண்டை. மருந்து வெடிக்கும் அடியில்தான் அழுத்தம் அதிகம், அங்கே இரும்பு தடிப்பாக இருக்கவேண்டும். முனையை உருட்டினால் பாரம் குறையும். கையால் அரம் போடும் கொல்லனுக்கு உருட்டுவதைவிடப் பட்டை தீட்டுவது இலகு. எதிரே பிரித்தானியர் பெரும்பாலும் வைத்திருந்தவை உள்ளே புரியில்லாத, உருண்டைக் குழல் மஸ்கெட்டுகள். நூறு கஜத்துக்கு அப்பால் அவற்றின் குறியை நம்பமுடியாது. அந்தக் கரையில் ஓஜிப்வே, மிசிசாகா பழங்குடி வீரர்களும் அமெரிக்கரை எதிர்த்து நின்றார்கள். கோட்டைக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு அவர்களைப் பற்றியும் சொல்லுங்கள்.