சித்தாள், ரேஜா, டம்பர்

வேலை நிமித்தமாக ஜார்க்கண்ட் பக்கம் வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இந்தியைத் தட்டுத்தடுமாறிப் பழகியபோது அடிக்கடி காதில் விழுந்த சொல் 'ரேஜா'. நம்மூரில் சித்தாள் என்போமே, அதேதான். செங்கல், மண், கரி சுமக்கும் பெண். சித்தாளாக வரும் ஆண் நாலைந்து வருடத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவார். பெண்ணோ பெரும்பாலும் கடைசிவரை சித்தாள்தான். இங்கே ரேஜாவின் கதையும் அப்படித்தான் இருந்தது. ஏன் என்று தேடிப் படித்தேன். கொஞ்சம் சரித்திரம் கிடைத்தது.

"கனரகத் தொழில் பெண்களுக்கு ஒத்துவராது" என்பவர்கள் ஜரியா, ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கங்களை மறந்துவிடுகிறார்கள். நூறு வருடம் முன்பு அங்கே புருஷன் நிலத்தடியில் கரி வெட்டுவான், மனைவி கூடையில் சுமந்து போய்க் கொட்டுவாள். 1929-ல் ஆங்கிலேய அரசு பெண்களை நிலத்தடியிலிருந்து படிப்படியாக வெளியேற்ற விதிகள் போட்டது. 1937-ல் முழுத் தடை. பாதுகாப்பு வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் வேறு தொழில் கற்றுத்தரும் ஏற்பாடு அந்த விதிகளில் இல்லை. கூலி போனதுதான் மிச்சம். பிறகு உலகப்போரில் கரிக்குத் தட்டுப்பாடு வந்ததும் 1943-ல் தடையை நீக்கினார்கள். போர் முடிந்ததும் 1946-ல் மறுபடியும் தடை! தேவைப்பட்டால் ஒத்துவருமாம், தேவை தீர்ந்தால் ஒத்துவராதாம்.

அடுத்து இயந்திரம் வந்தது. கூடை போனது, கூடையோடு பெண்ணும் போனாள். இயந்திரத்தின் இருக்கையில் ஆண் உட்கார்ந்தான். இதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1952 சுரங்கச் சட்டப்படி பெண்கள் தரைக்கு மேலேயும் காலை 6 முதல் இரவு 7 வரைதான் வேலை பார்க்க முடிந்தது. 1948 தொழிற்சாலைச் சட்டமும் கிட்டத்தட்ட இதையே சொன்னது. மூன்று ஷிஃப்ட் ஓடும் இடத்தில், இரவு ஷிஃப்டுக்கு வர முடியாதவருக்கு எந்த முதலாளி மாதக்கணக்கில் பயிற்சி கொடுப்பார்?

இந்தச் சங்கிலியை உடைத்த முயற்சிகளில் ஒன்று, 2000-களின் தொடக்கத்தில் ஜாம்ஷெட்பூர் டாடா ஸ்டீல் கொண்டுவந்த 'தேஜஸ்வினி' திட்டம். நிறுவனத்தில் ரேஜாக்களாக இருந்த பெண்களுக்கு, பலர் பழங்குடிப் பெண்கள், கனரக வண்டி ஓட்டவும் இயந்திரங்களை இயக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். தலையில் சுமந்தவர்கள் ஸ்டியரிங் பிடித்தார்கள். 2019-ல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. எழுத்துமூலமான சம்மதத்துடன் திறந்தவெளிச் சுரங்கங்களில் பெண்கள் இரவிலும் வேலை பார்க்கலாம் என்றானது. அதே வருடம் நோவாமுண்டி இரும்புத்தாதுச் சுரங்கத்தில் எல்லா ஷிஃப்டிலும் பெண்கள் இறங்கினார்கள்.

என் கணக்கு எளிது. டம்பர் ஓட்டப் புஜபலம் தேவையில்லை. அடிப்படைப் படிப்பு, லைசென்ஸ், பொறுமையான வாத்தியார், பக்கத்தில் ஒரு கழிப்பறை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், இவை இருந்தால் போதும். தேஜஸ்வினி பெண்கள் ஒரு பெரிய நிறுவனத்தின் ஊழியர்கள், அதனால் அந்தச் செலவு நடந்தது. தினக்கூலிக்கு ஆள் பிடிக்கும் காண்ட்ராக்டருக்கு நாளைக்கே வேறு ஆள் கிடைக்கும், அவர் ஏன் செலவு செய்யப் போகிறார்? அவரிடம் வேலை பார்க்கும் பெண்ணுக்கு யார் கற்றுத்தருவது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.