பொன்னியும் பொன்வயலும்: கோலார் தங்கவயல் வரலாற்றில் காவிரியின் இடம்

காவிரி குறித்த தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் தலைக்காவிரியில் தொடங்கிப் பூம்புகாரில் முடிகின்றன. ஆற்றங்கரையில் அமையாத ஊர்களுக்கு அவற்றில் இடமிருப்பதில்லை. கோலார் தங்கவயல் அத்தகையதோர் ஊர். அது பாலாற்றுப் படுகையைச் சார்ந்தது. அதற்கான குடிநீரும் பாலாற்றின் குறுக்கே அமைந்த பேத்தமங்கலம் ஏரியிலிருந்தே வந்தது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டுக் காவிரியின் வரலாற்றைத் தங்கவயலை விடுத்து எழுதுதல் இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

குடகு நாட்டுப் பிரம்மகிரியில் தோன்றும் காவிரி ஏறத்தாழ 800 கி.மீ. ஓடி வங்கக் கடலை அடைகின்றது. அதன் படுகையின் பரப்பு 81,155 சதுர கி.மீ. ஆகும். மேற்பகுதியின் நீர்வளம் தென்மேற்குப் பருவமழையைச் சார்ந்தது. ஆனி, ஆடித் திங்கள்களில் பெருகி, மாசி முதல் சித்திரை வரை மெலிவது இவ்வாற்றின் இயல்பு. மக்களின் வழிபாடும் இவ்வியல்பைத் தழுவியே அமைந்துள்ளது. புதுவெள்ளம் வரும் காலத்தில் ஆடிப்பதினெட்டு. ஐப்பசியில் தலைக்காவிரியில் துலா சங்கிரமணமும் மயிலாடுதுறையில் துலா நீராடலும். அத்திங்களின் இறுதி நாளில் கடைமுழுக்கு. அகத்தியரின் கமண்டலத்திலிருந்து காவிரி பெருகிய தொன்மத்தை மணிமேகலையின் பதிகம் குறிப்பிடுகின்றது. ஆறு ஒரே சீராக வருவதில்லை. வரும்போது வரவேற்கப்பட வேண்டியது என்னும் உணர்வே இச்சடங்குகளின் அடிப்படை எனலாம்.

காவிரியின் அரங்கங்கள் மூன்று என்பது வைணவ மரபு. சீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவசமுத்திரம் மத்தியரங்கம், திருவரங்கம் அந்தியரங்கம். மூன்றும் ஆறு இரண்டாகப் பிரிந்து உருவாக்கிய தீவுகள். இவற்றுள் சிவசமுத்திரத்தில் மட்டும் பிரிந்த கிளைகள் ககனசுக்கி, பரசுக்கி என்னும் அருவிகளாக வீழ்கின்றன. அரங்கநாதர் கோயில் கொண்ட அத்தீவின் அருகிலேயே 1902 இல் மைசூர் அரசின் புனல்மின் நிலையம் எழுந்தது.

அந்நிலையம் எழுந்ததன் காரணம் தங்கவயலே. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்குச் சுரங்கத் தொழிலை நடத்தி வந்தனர். பாறையை நொறுக்கும் ஆலைகளும், ஆழத்திலிருந்து தாதுவையும் தொழிலாளரையும் ஏற்றி இறக்கும் பொறிகளும் நீராவியால் இயங்கின. அதற்கான நிலக்கரியைத் தொலைவிலிருந்து கொணர வேண்டியிருந்தது. சுற்றுவட்டக் காடுகளின் விறகும் எரிபொருளாயிற்று. அருவியின் வீழ்ச்சியை மின்னாற்றலாக்கிச் சுரங்கங்களுக்கு விற்கும் திட்டத்தை மைசூர் திவான் கு. சேஷாத்திரி ஐயரின் அரசு மேற்கொண்டது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த அவர் 1901 இல் மறைந்தார். திட்டம் நிறைவேறியதை அவர் காணவில்லை. பொறியாளர் ஜோலி டி லாட்பினியர் திட்டத்தை வகுத்தார். மின்பொறிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திலிருந்தும், நீர்ச்சுழலிகள் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ் நிறுவனத்திலிருந்தும் வந்தன. 1902 சூன் 30 இல் ஏறத்தாழ 147 கி.மீ. கம்பித்தடத்தின் வழியே மின்னாற்றல் தங்கவயலை அடைந்தது. அக்காலத்தில் உலகின் நீண்ட மின்தடங்களுள் அதுவும் ஒன்று. பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905 இல்தான் என்பது ஒப்புநோக்கத்தக்கது.

பொன்னி என்னும் பெயருடைய ஆறு பொன்னெடுக்கப் பயன்பட்டதைச் சொல்நயமாகக் கொண்டு மகிழ்வதற்கு இடமுண்டு. வரலாற்றாசிரியன் நோக்க வேண்டியது வேறு. சுரங்கத்திற்கு ஆடிப்பெருக்கும் தெரியாது, கோடை வறட்சியும் தெரியாது. பொறிகள் ஆண்டின் எல்லா நாளும் ஒரே அளவில் ஓட வேண்டும். சிவசமுத்திரத்திலோ கோடையில் நீர் மெலிந்தது, மின்னாக்கமும் குன்றியது. பருவந்தோறும் மாறும் ஆற்றை நாள்தோறும் மாறாத ஆறாக்குவதற்கு மேலே ஓர் அணை தேவைப்பட்டது. மோ. விசுவேசுவரய்யா வகுத்த கண்ணம்பாடித் திட்டத்திற்குப் பாசனத்தோடு தங்கவயலின் மின்தேவையும் ஒரு முதன்மைக் காரணமாக அமைந்தது.

இங்கேதான் தஞ்சை உழவர் வரலாற்றினுள் வருகின்றனர். 1892 ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, காவிரியில் புதிய நீர்த்தேக்கம் கட்டுமுன் மைசூர் அரசு சென்னை அரசின் இசைவைப் பெறல் வேண்டும். சென்னை அரசு இசையவில்லை. இந்திய அரசு குறைந்த கொள்ளளவிற்கு மட்டும் ஒப்புதல் அளித்தது. மைசூரோ பெரிய அணைக்கான அடித்தளத்தையே இட்டது. 1914 இல் கிரிஃபின் வழங்கிய நடுவர் தீர்ப்பு மைசூருக்குச் சார்பாயிற்று. சென்னையின் மேல்முறையீட்டிற்குப் பின் 1924 பிப்ரவரி 18 இல் இரு அரசுகளும் புதிய ஒப்பந்தம் செய்தன. அதன் பயனாகவே 1934 இல் மேட்டூர் அணையும் நிறைவுற்றது.

ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். மின்நிலையம் நீரை உட்கொள்வதில்லை. சுழலியைச் சுழற்றிய நீர் மீண்டும் ஆற்றையே சேர்கின்றது. தஞ்சைக்குச் சேரும் நீரைக் குறைக்க வல்லவை மேலைப் பாசனக் கால்வாய்களே. எனவே தங்கவயலைக் காவிரிப் பிணக்கின் ஒரே காரணமாகக் காட்டுவது மிகை. எனினும் ஆற்றைத் தேக்கி வைக்கும் எண்ணத்திற்கு வலுவான பொருளியல் நியாயத்தை அது வழங்கியது. மின் விற்பனையும் தங்கத்திற்கான அரசுரிமைப் பங்கும் மைசூர்க் கருவூலத்திற்கு வருவாய் தந்தன.

அப்பொறிகளின் அருகே நின்று உழைத்தோர் யாவர் என்பதும் எண்ணத்தக்கது. வடஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர், குறிப்பாகத் தாழ்த்தப்பட்ட மக்கள், சாம்பியன் ரீஃப், உரிகம், மாரிக்குப்பம் ஆகிய பகுதிகளின் லயன்களில் குடியேறினர். அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியதும் இவர்களிடையேதான். காவிரியின் ஆற்றலால் சுரங்கம் 3 கி.மீ.க்கும் மேற்பட்ட ஆழத்திற்குச் சென்றது. ஆழம் கூடக்கூடப் பாறை வெடிப்பும் வெப்பமும் கூடின. சீரான நீரோட்டத்தால் கிடைத்த வேலையும், அவ்வேலை கொண்டுவந்த இடரும் இவர்களுக்கே உரியவாயின. கீழே கடைமடையில் நடவுக்கு நீர் வேண்டி நின்றவரும் தமிழர். மேலே அதே ஆற்றின் மின்னால் இறங்கி ஏறியவரும் தமிழர். காவிரிப் பிணக்கை இரு மொழியினரின் பிணக்காக மட்டும் காணும் வழக்கம் இவ்வுண்மைக்கு இடந்தருவதில்லை.

2001 பிப்ரவரி 28 இல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆற்றின் மீதான வழக்கு மூடப்படவில்லை. 1990 இல் அமைக்கப்பட்ட நடுவர் மன்றம் 2007 இல் இறுதித் தீர்ப்பு வழங்கியது. 2018 பிப்ரவரி 16 இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்திற்குரிய ஆண்டு நீரை 177.25 டி.எம்.சி. என வரையறுத்தது. அத்தீர்ப்பில் பெங்களூரின் குடிநீருக்கென 4.75 டி.எம்.சி. கூடுதலாக ஒதுக்கப்பட்டது, அந்நகரின் பெரும்பகுதி காவிரிப் படுகைக்கு வெளியே உள்ளது என்பது அதற்குத் தடையாகக் கொள்ளப்படவில்லை. படுகைக்கு அப்பாலுள்ள ஊர் காவிரியின் மீது உரிமை பெறுவது அப்போது புதிதன்று. 1902 இல் கம்பித்தடத்தின் வழியே தங்கவயல் அதனைப் பெற்றிருந்தது.