கைவிடப்பட்ட கப்பல்

1880 ஆகஸ்டில், மெக்கா நோக்கிய திருப்பயணிகள் ஏறத்தாழ 950 பேரைச் சுமந்து சென்ற ‘ஜெட்டா’ கப்பலை, அதன் தலைவரும் அதிகாரிகளும் நடுக்கடலில் கைவிட்டுப் படகில் தப்பினர். கப்பல் மூழ்கிவிட்டதென ஏடனில் அறிவித்தனர். அதுவோ மூழ்காமல், பயணிகளோடு ஏடன் வந்து சேர்ந்தது.

போலந்துக் குடும்பத்தில் 1857இல் பிறந்த ஜோசப் கான்ராட், 11 வயதிற்குள் பெற்றோரை இழந்து, 16 வயதில் கடலை நாடினார். 1886இல் கப்பல் தலைவருக்குரிய சான்றிதழ் பெற்றார். இளமையில் அறியாத ஆங்கிலத்தில், அந்நிகழ்ச்சியை அடியொற்றி, 1900இல் ‘லார்ட் ஜிம்’ புதினத்தை அளித்தார். அதன் நாயகனின் சான்றிதழை விசாரணை மன்றம் பறித்த பின்னும் மனச்சான்று அவனை விடவில்லை.

நம்மை நம்பி ஏறியவர்களை நாமும் இறக்கிவிடாமல் காப்போமா?